பல்கேரியக் கப்பலை மீட்ட இந்தியா, வங்கதேசக் கப்பலுக்குக் காவல் போன ஐரோப்பா: நடுக்கடலில் யாருக்கு யார் பொறுப்பு?

ஒரு மாதத்துக்கும் மேலாக சோமாலியக் கடற்கொள்ளையர்களின் பிடியில் இருந்த வங்கதேசச் சரக்குக் கப்பல் எம்.வி. அப்துல்லா, ஏப்ரல் 14 அன்று விடுவிக்கப்பட்டது. கப்பலில் இருந்த 23 மாலுமிகளும் பத்திரம். அங்கிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தை நோக்கி அவர்கள் கிளம்பியபோது இரண்டு போர்க்கப்பல்கள் துணைக்குக் கூடவே போயின. அவை வங்கதேசக் கடற்படையின் கப்பல்கள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல்கள்.

இதற்கு ஏறக்குறைய நாலு வாரம் முன்னாடி, மார்ச் 16 அன்று, அதே கடலில் இன்னொரு சம்பவம். எம்.வி. ரூயன் என்ற கப்பல் மூன்று மாதமாகக் கடற்கொள்ளையர்களிடம் சிக்கியிருந்தது. பல்கேரிய நிறுவனத்தின் கப்பல், மால்டா நாட்டுக் கொடி. அதாவது முழுக்க ஐரோப்பியக் கப்பல். அதை மீட்டது இந்தியக் கடற்படை.

ஆசியக் கப்பலுக்கு ஐரோப்பா காவல், ஐரோப்பியக் கப்பலுக்கு இந்தியா காவல். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கப்பலை கமாண்டோக்கள் மீட்டார்கள், இன்னொரு கப்பலைப் பணம்தான் மீட்டது. ஏன் இந்த வித்தியாசம்? இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் எந்த ராணுவக் கூட்டணியிலும் ஒன்றாக இல்லையே, பிறகு யார் சொல்லி, எந்தச் சட்டப்படி இதெல்லாம் நடக்கிறது?

ரூயன் கப்பலில் என்ன நடந்துச்சு?

தென்கொரியாவிலிருந்து துருக்கிக்கு உலோகச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன கப்பல் ரூயன். 2023 டிசம்பர் 14 அன்று அரபிக்கடலில் கடத்தப்பட்டது. 2017-க்குப் பிறகு சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஒரு பெரிய சரக்குக் கப்பலை வெற்றிகரமாகக் கடத்தியது அதுதான் முதல் முறை. உள்ளே இருந்தவர்கள் 18 பேர். பல்கேரியர்கள், மியான்மர்காரர்கள், அங்கோலாவைச் சேர்ந்த ஒருவர்.

செய்தி கிடைத்ததும் ஐரோப்பிய ஒன்றியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த ஸ்பெயினின் விக்டோரியா போர்க்கப்பலும் போனது, இந்தியாவின் ஐ.என்.எஸ். கொச்சியும் போனது. காயம்பட்ட ஒரு மாலுமியைக் கடற்கொள்ளையர்கள் விட்டுவிட, அவரை ஏற்றிச் சிகிச்சை கொடுத்து ஓமனுக்கு அனுப்பியது இந்தியக் கப்பல். அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரூயன் சோமாலியக் கரையோரம் போய் நின்றுவிட்டது.

மூன்று மாதம் அப்படியே ஓடிப்போனது. பிறகு கடற்கொள்ளையர்களே ஒரு தப்பு செய்தார்கள். அடுத்த வேட்டைக்கு ரூயனையே தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு வந்தார்கள். சின்னப் படகுகளை வைத்துக்கொண்டு கரையிலிருந்து ரொம்ப தூரம் வர முடியாது. பெரிய கப்பலில் வந்து, அங்கிருந்து படகை இறக்கினால் எங்கே வேண்டுமானாலும் தாக்கலாம் என்பது கணக்கு.

மார்ச் 15 அன்று ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை வழிமறித்தது. கடற்கொள்ளையர்கள் போர்க்கப்பலையே நோக்கிச் சுட்டார்கள். நம் கடற்படை அனுப்பிய ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார்கள். மறுநாள் இந்திய விமானப்படையின் சி-17 விமானம் வந்து, மார்கோஸ் கமாண்டோக்களையும் அவர்களுடைய ரப்பர் படகுகளையும் பாராசூட்டில் நடுக்கடலில் இறக்கியது. இந்தியக் கரையிலிருந்து அந்த இடம் சுமார் 2,600 கிலோமீட்டர். மொத்தம் 40 மணி நேர நடவடிக்கை. கடைசியில் 35 கடற்கொள்ளையர்கள் சரணடைந்தார்கள். மிச்சமிருந்த 17 மாலுமிகளுக்கும் ஒரு கீறல் இல்லை.

பல்கேரிய அதிபர் ருமென் ராதேவ் பிரதமர் மோடிக்கு நன்றி சொன்னார். பல்கேரிய வெளியுறவு அமைச்சரின் நன்றிக்கு, நண்பர்கள் இருப்பதே இதற்குத்தான் என்று ஜெய்சங்கர் பதில் போட்டார். சமூக வலைதளங்களில் எல்லாரும் பார்த்தது இதைத்தான். அந்த 40 மணி நேரத்துக்கு முன்னால் போன மூன்று மாதத்தைப் பற்றி பெரிசா யாரும் பேசலை.

அந்த மூன்று மாதம் ஏன் யாரும் நெருங்கவில்லை?

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் கடல். அதற்குள் இன்னொரு நாட்டுப் போர்க்கப்பல் புகுந்து யாரையும் பிடிக்க முடியாது. அதற்கு வெளியே நடப்பதுதான் சர்வதேசச் சட்டப்படி கடற்கொள்ளை. அங்கே எந்த நாட்டுப் போர்க்கப்பலும் கொள்ளைக் கப்பலைப் பிடிக்கலாம், பிடித்த நாட்டின் நீதிமன்றமே தண்டனை கொடுக்கலாம். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியக் கடற்படை பல்கேரியக் கப்பலில் ஏற முடிந்ததற்கு இதுதான் அடிப்படை. கூட்டணி எதுவும் தேவையில்லை.

ஆனா கடற்கொள்ளையர்களுக்கும் இந்த 12 மைல் கணக்கு நல்லாவே தெரியும். கப்பலைப் பிடித்ததும் நேராகக் கரைக்குத்தான் ஓட்டுவார்கள். முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. 2008-ல் சோமாலிய அரசின் சம்மதத்தோடு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி ஒத்துழைக்கும் நாடுகளின் போர்க்கப்பல்கள் சோமாலியக் கடல் எல்லைக்குள்ளும் போகலாம். அந்த அனுமதியைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். 2022 மார்ச்சில் அது காலாவதியானது, அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. கடற்கொள்ளை கிட்டத்தட்ட நின்றுபோயிருந்த நேரம் அது. இனி எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

அப்துல்லாவை ஏன் அதிரடியாக மீட்கவில்லை?

மார்ச் 12 அன்று, மொசாம்பிக்கிலிருந்து அமீரகத்துக்கு 55,000 டன் நிலக்கரியோடு போய்க்கொண்டிருந்தது அப்துல்லா. ஆபத்து அழைப்பு வந்ததும் இந்தியக் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம் பறந்தது. மார்ச் 14 காலையில் இந்தியப் போர்க்கப்பல் ஒன்று அப்துல்லாவை எட்டிப்பிடித்து, சோமாலியக் கடல் எல்லை வரை கூடவே போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போர்க்கப்பலும் பின்தொடர்ந்தது. இந்தக் கடத்தலுக்கு ரூயனைத்தான் தாய்க்கப்பலாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஐரோப்பியப் படை சந்தேகம் தெரிவித்தது.

ஆக, பார்க்கிறதுக்கு ரெண்டு கடற்படை. இருந்தும் மாலுமிகள் துப்பாக்கி முனையில் இருந்தார்கள். ரூயன் மீட்கப்பட்ட பிறகு அப்துல்லாவையும் அதேபோல் மீட்கலாமா என்ற பேச்சு எழுந்தது. வங்கதேச அரசும் கப்பல் நிறுவனமும் வேண்டாம் என்றன. சண்டை நடந்தால் 23 பேரின் உயிருக்கு யார் பொறுப்பு என்பதுதான் அவர்களின் கேள்வி. அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. சட்டோகிராமைச் சேர்ந்த அந்த நிறுவனத்துக்கு இது ரெண்டாவது அனுபவம். 2010 டிசம்பரில் அவர்களுடைய ஜஹான் மோனி கப்பல் கடத்தப்பட்டு, சுமார் 100 நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. எல்லாரும் உயிரோடு வந்தார்கள்.

இந்த முறையும் பேச்சுவார்த்தைதான். 50 லட்சம் டாலர் கைமாறியதாகக் கடற்கொள்ளையர்களே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். எவ்வளவு என்று நிறுவனம் வாய் திறக்கவில்லை. அதன் பிறகுதான் ஐரோப்பியப் போர்க்கப்பல்களின் பாதுகாப்பில் அப்துல்லா கிளம்பியது.

ஆபத்தைக் கண்டுபிடிப்பதும் தகவல் சொல்வதும்தான் இந்த நாடுகளுக்குள் பொதுவாக இருக்கிறது. கப்பலில் ஏறலாமா வேண்டாமா என்ற முடிவு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி.

அட்டலாண்டா: 2008-ல் தொடங்கிய ஏற்பாடு

அப்துல்லாவுக்குத் துணை போன ஐரோப்பியப் படைப்பிரிவின் பெயர் ஆப்பரேஷன் அட்டலாண்டா. கிரேக்கப் புராணத்தில் வரும் வேட்டைக்காரப் பெண்ணின் பெயர். 2008 டிசம்பரில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய முதல் கடற்படை நடவடிக்கை இதுதான். பட்டினியில் இருந்த சோமாலிய மக்களுக்கு உணவு கொண்டுபோன ஐ.நா. உலக உணவுத் திட்டக் கப்பல்களைப் பாதுகாப்பது இதன் முதல் வேலையாக இருந்தது. பிரிட்டனில் இருந்த தலைமையகம், அந்த நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறிய சமயத்தில் ஸ்பெயினின் ரோட்டாவுக்கு மாறியது.

அதே 2008 டிசம்பரில் சீனாவும் போர்க்கப்பல்களை அனுப்பியது. இந்தியா அதற்கு முன்பே அங்கே இருந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானும் தென்கொரியாவும் வந்தன. ஜப்பான் 2011-ல் ஜிபூட்டியில் ஒரு தளமே அமைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வெளிநாட்டில் அந்த நாட்டுக்கு இருக்கும் ஒரே ராணுவத் தளம் அது. இன்னொரு பக்கம் அமெரிக்கா ஒருங்கிணைக்கும் சி.டி.எஃப்-151 என்ற பன்னாட்டுப் படைப்பிரிவு. அதற்குப் பாகிஸ்தான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து அதிகாரிகள் எல்லாம் மாறி மாறித் தலைமை தாங்கியிருக்கிறார்கள். 2015-ல் ஒரு ஜப்பானிய அதிகாரி தலைமை தாங்கினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தியாவும் சீனாவும் ஒரே கடலில், ஒரே எதிரிக்கு எதிராக. பாகிஸ்தானும் அங்கேதான். நேட்டோ நாடுகளும் ரஷ்யாவும் அதே இடத்தில். இவர்களை ஒரே தலைமையின் கீழ் யாராலும் கொண்டுவர முடியாது. அதனால் அப்படி ஒரு முயற்சியே நடக்கவில்லை. பதிலாக பஹ்ரைனில் ஷேட் என்ற பெயரில் ஒரு கூட்டம் அவ்வப்போது நடக்கும். இதற்கு ஒப்பந்தமும் இல்லை, யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதும் இல்லை. எந்தக் கப்பல் எங்கே இருக்கு, எப்போ ரோந்து என்று சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏடன் வளைகுடாவில் சரக்குக் கப்பல்கள் போக ஒரு பாதை குறித்தார்கள். ஒரே நாளில் மூன்று நாட்டுக் கான்வாய் கிளம்பி அடுத்த நாள் ஒன்றுமே இல்லாமல் போகக்கூடாது என்பதற்காக, இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் தங்கள் நேர அட்டவணையைப் பேசி வைத்துக்கொண்டன. எல்லையில் முறைத்துக்கொள்ளும் நாடுகள் கடலில் டைம்டேபிள் பகிர்ந்துகொண்டது எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம்.

இன்னொன்று மெர்க்குரி. ஐரோப்பியப் படை உருவாக்கிய இணையத் தகவல் பரிமாற்ற வசதி. ரகசிய ராணுவ நெட்வொர்க் இல்லை. ஏறக்குறைய வாட்ஸ்அப் குரூப் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பல நாட்டுக் கடற்படைகள் அதில் பேசிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் 2018 டிசம்பரில் டெல்லியை ஒட்டிய குருகிராமில் இந்தியப் பெருங்கடல் தகவல் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது. அங்கே வெளிநாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். முதலில் அதிகாரியை அனுப்பிய நாடு பிரான்ஸ். பிறகு ஜப்பான், பிரிட்டன், இத்தாலி, சிங்கப்பூர் என்று பட்டியல் நீண்டது. கிழக்கே சிங்கப்பூரில், 2006-ல் ஜப்பானின் யோசனையில் பிறந்த ரீகாப் என்ற ஆசிய ஒப்பந்த அமைப்பு இருக்கிறது. அதில் நார்வே, டென்மார்க், நெதர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனியும் உறுப்பினர்கள். மலாக்கா ஜலசந்தியில் என்ன நடந்தாலும் ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு அது கவலைதானே.

இந்தக் கூட்டுமுயற்சிக்குப் பலன் இருந்ததா? இருந்தது. 2011-ல் மட்டும் சோமாலியக் கடற்கொள்ளையர்களின் தாக்குதல்கள் 237 என்று சர்வதேச கடல்சார் பணியகம் கணக்கு வைத்திருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அது கைவிட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. 2017 மார்ச்சில் 8 இலங்கை மாலுமிகளோடு ஏரிஸ்-13 என்ற கப்பல் கடத்தப்பட்டபோது, ஐந்து ஆண்டில் முதல் கடத்தல் என்று சொன்னார்கள். அவர்கள் சில நாளிலேயே பணம் எதுவும் கைமாறாமல் விடுவிக்கப்பட்டார்கள்.

பிறகு மறுபடி ஏன்? 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஹூதி தாக்குதல்கள். எல்லாக் கடற்படைகளின் கவனமும் வடக்கே போனது. ஐரோப்பிய ஒன்றியம் பிப்ரவரியில் ஆஸ்பைட்ஸ் என்று தனியாக இன்னொரு நடவடிக்கை தொடங்கியது. தெற்கே விழுந்த இடைவெளியைக் கடற்கொள்ளையர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த இடைவெளியில்தான் இந்தியா பத்துக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களை நிறுத்தியது. ஜனவரியில் ஐ.என்.எஸ். சுமித்ரா மீட்ட மீன்பிடிக் கப்பல் ஒன்றில் இருந்த 19 பேரும் பாகிஸ்தானியர்கள்.

கன்னியாகுமரி மீனவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஒத்துழைப்பு எப்போதும் நல்லபடியாகவே போனது என்று எழுதினால் அது பொய்.

கடற்கொள்ளை உச்சத்தில் இருந்தபோது, கப்பல் நிறுவனங்கள் ‘அதிக ஆபத்துப் பகுதி’ என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டன. 2010-ல் அந்தக் கோடு இந்தியாவின் மேற்குக் கரை வரைக்கும் நீண்டுவிட்டது. விளைவு, ஆயுதம் ஏந்திய காவலர்களோடு வெளிநாட்டுக் கப்பல்கள் நம் மீனவர்கள் வலைவீசும் கடலை ஒட்டியே போக ஆரம்பித்தன. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். கடற்கொள்ளையர்கள் என்று நினைத்தோம் என்பது அவர்களின் வாதம். இறந்த இருவரில் ஒருவர் கேரளத்துக்காரர், இன்னொருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

எட்டு ஆண்டு சட்டப் போராட்டம். அந்த வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவில் விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று சர்வதேசத் தீர்ப்பாயம் 2020-ல் சொன்னது. இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்தது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்து, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னொரு கப்பல் ஞாபகம் இருக்கும். 2013 அக்டோபரில் கடலோரக் காவல்படை பிடித்து வந்த சீமேன் கார்டு ஓஹியோ. சரக்குக் கப்பல்களுக்குக் காவலர்களை அனுப்பும் தனியார் அமெரிக்க நிறுவனத்தின் கப்பல், உள்ளே துப்பாக்கிகள். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று நாலு நாட்டுக்காரர்கள் 35 பேர். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் எல்லாருக்கும் 5 ஆண்டு சிறை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. கடற்கொள்ளைக்கு எதிராகக் காவலுக்கு வந்தவர்களா, அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுவந்தவர்களா என்று முடிவு செய்யவே நாலு வருஷம் ஆச்சு. ஐரோப்பாவில் சட்டப்படி சரியான ஒரு காவல் வேலை, நம் கடல் எல்லைக்குள் வந்தால் குற்றமாகிவிடும் என்பதை யாரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவில்லை.

பிடித்தவர்களை என்ன செய்வது?

கடற்படைகள் பல வருஷமாகத் திணறுவது இந்தக் கேள்வியில்தான். யார் வேண்டுமானாலும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. யாரும் கட்டாயம் விசாரிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சோமாலியரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனால் அங்கேயே அகதியாகத் தஞ்சம் கேட்டுவிடுவாரோ என்ற பயம் அங்கே பல அரசுகளுக்கு இருந்தது. அதனால் பல முறை ஆயுதங்களைக் கடலில் வீசிவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2009-ல் கென்யாவோடும் சீஷெல்ஸோடும் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் போட்டது. பிடிப்பது நாங்கள், விசாரிப்பது நீங்கள் என்று. சில நாடுகள் சொந்த நீதிமன்றத்திலேயே நடத்தின. 2010-ல் டச்சு வீரர்கள் மீட்ட ஜெர்மன் கப்பலின் வழக்கு ஹாம்பர்க்கில் இரண்டு வருடம் நடந்தது. தங்கள் கப்பலைக் கடத்தியவர்களைத் தென்கொரியா பூசானுக்கே கொண்டுபோய் விசாரித்தது.

இந்தியாவின் கதை இன்னும் சிக்கல். 1999-ல் ஜப்பானிய நிறுவனத்தின் அலோண்ட்ரா ரெயின்போ கப்பலைக் கடத்திய இந்தோனேசியர்களை நம் கடற்படையும் கடலோரக் காவல்படையும் துரத்திப் பிடித்தன. மும்பை நீதிமன்றம் 2003-ல் தண்டனை கொடுத்தது. 2005-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. கடற்கொள்ளை என்று தனியாக ஒரு குற்றமே அப்போது இந்தியச் சட்டத்தில் இல்லை. 2011-ல் பிடிபட்ட சோமாலியர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொதுப் பிரிவுகளை வைத்துத்தான் விசாரித்தார்கள். தீர்ப்பு வர ஆறு வருடம் ஆனது.

கடைசியில் 2022 டிசம்பரில்தான் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். உயிரிழப்பு ஏற்பட்டால் மரண தண்டனைக்கும் இடம் உண்டு. ரூயனில் பிடிபட்ட 35 பேரை மார்ச் 23 அன்று ஐ.என்.எஸ். கொல்கத்தா மும்பைக்குக் கொண்டுவந்து போலீசிடம் ஒப்படைத்தது இந்தச் சட்டத்தை நம்பித்தான்.

அதன் பிறகு நடப்பது நீதிமன்ற வேலை. குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு அவர்கள் மொழியில் விஷயத்தைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும். குற்றம் தொடங்கிய டிசம்பர் நாட்களில் அந்தக் கப்பலைக் கண்காணித்தது ஸ்பெயின் போர்க்கப்பல், அதன் பதிவுகள் தேவைப்படலாம். மூன்று மாதம் துப்பாக்கி முனையில் இருந்த 17 மாலுமிகள்தான் முக்கியச் சாட்சிகள். அவர்களின் ஊர் பல்கேரியாவிலும் மியான்மரிலும் அங்கோலாவிலும் இருக்கிறது. அவர்களை மும்பை நீதிமன்றத்தின் முன் நேரிலோ வீடியோவிலோ கொண்டுவர, சோஃபியாவும் டெல்லியும் மறுபடி பேசியாக வேண்டும்.